பீரோ என்றொரு முரட்டுத் துணி

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கோமதி டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சு. நல்லவேளை, போன மாதமே போய்ப் பார்த்துவிட்டேன். அவரோடு பழகிய நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் பள்ளியில் நான் தமிழாசிரியர், அவர் பிரெஞ்சு ஆசிரியை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் என்று பாதிப் பேர் அவர் பக்கம் போவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசினார். "பிரெஞ்சு ஒண்ணும் அந்நியமில்லீங்க. உங்க ஊட்டுல பீரோ இருக்குதுங்களா? அது பிரெஞ்சு வார்த்தைதானுங்க. மொதல்ல முரட்டுக் கம்பளித் துணிக்கு அந்தப் பேரு. அப்புறம் அந்தத் துணிய விரிச்ச மேசைக்கு, அப்புறம் மேசை போட்ட ஆபீசுக்கு. நாமதான் அதுல சேலை அடுக்கிப்போட்டோம். பொண்ணுக்குச் சீரா பீரோ குடுத்தோம்னா, ஆபீசையா குடுத்தீங்கன்னு பிரெஞ்சுக்காரங்க முழிப்பாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "துணி எப்படிங்க பீரோ ஆகும்? ஆள் புடிக்கறதுக்காகக் கதை கட்டாதீங்க" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரமே பள்ளி நூலகத்து அகராதியில் தேடினேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. நமக்கு அது ஆங்கிலேயர் வழியாக வந்ததா, புதுச்சேரி வழியாகவா என்பது மட்டும் பிடிபடவில்லை. மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, ஆசிரியர் அறை மேசையில் கோமதி டீச்சர், பவானியில் நெய்த முரட்டு ஜமுக்காளத் துண்டு ஒன்றை விரித்தார். "ஏனுங்க தமிழய்யா, இதுதானுங்க நம்மூரு பீரோ" என்று சிரித்தார். பதினோரு வருடம் அதன்மேல் விடைத்தாள் திருத்தினேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அதையும் மடித்து எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் போய்விட்டார்.

உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் போன மாதம் போனேன். காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க சொன்னது சரிங்க டீச்சர். அந்த வாரமே எனக்குத் தெரியும்."

"எனக்கும் அந்த வாரமே தெரியுமுங்க" என்றார். "அகராதிய உங்களுக்கு அப்புறம் எடுத்தது நானுங்க. அந்த வரிக்கு நேரா செவப்பு மையில டிக் அடிச்சிருந்துச்சு. வால் நீட்டமா இருக்கற உங்க டிக்கு எனக்குத் தெரியாதுங்களா?"

பரீட்சைத் தாள் திருத்துகிற கை, அகராதியையும் திருத்தியிருக்கிறது. எனக்கு நினைவே இல்லை.

"அப்புறம் ஏனுங்க கேக்கவே இல்லை?"

"மார்க் போட்டுட்டீங்கல்ல, அது போதாதுங்களா?"

வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பாரம் இறங்கினது போல் மனசு லேசாக இருந்தது. கிளம்பும்போது அந்த ஜமுக்காளத் துண்டை என் கையில் கொடுத்தார்.

இப்போது அதை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். மேசையில் இது என்ன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பீரோ என்கிறேன். கோமதி டீச்சர் சொன்னது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.