வாழைக்குக் கிடைத்த சலுகை

உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் கடல் கடந்து பேரம் பேசப் போகிறார். எதை வாங்க எதைக் கொடுக்கப்போகிறார் என்று கேட்டீர்களா? ஜமைக்காவில், ஸ்டோனி பே துறையில் வாழைத்தார் சுமக்கும் அடைனா கேட்கவில்லை. கைதட்டினாள்.

அது 1932. தோட்ட முதலாளி லைல் தீவின் சார்பாகப் பிரிட்டிஷ் பேரரசின் வர்த்தக மாநாட்டுக்குப் புறப்பட்டார். தேவாலயத்தில் வழியனுப்பு விழா. "நம்ம வாழைக்கு இங்கிலாந்துல தனி வரிச்சலுகை வாங்கிட்டு வர்றேன். உங்க கூலியும் ஏறும்" என்றார். பாதிரியார் உருகி உருகி ஜெபித்தார்.

அடைனாவின் மகள் மெர்லினுக்கு ஏழு வயது. கொக்கிப்புழு அவள் ரத்தத்தைக் குடித்து உதட்டை வெளுக்க வைத்திருந்தது. மருந்து கொடுத்துப் புழுவை இறக்கிய நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "சாபமும் இல்ல, பேயும் இல்ல. மண்ணுல இருக்கற புழு வெறுங்கால் வழியா ஏறுது. செருப்பு வாங்கிப் போடு. இவ மண்ணத் திங்க ஆரம்பிச்சா புழு மறுபடி ஏறிடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு தடவை ஏறினா இவ தாங்கமாட்டா."

கடைக்காரர் லியாவ் வாசலில் ஜப்பான் ரப்பர் காலணிகள் மலிவாகத் தொங்கின.

"மிஸ் அடைனா, இன்னிக்கே எடுத்துக்கோ. பெரிய மனுசங்க பேரம் பேசப் போனா என் கடையிலதான் விலை ஏறும்."

"அட போங்க, மிஸ்டர் லியாவ்! சரக்கு தேங்கிடும்னு பயமா? முதலாளி வரட்டும். கூலி ஏறினதும் தோல் ஷூவே வாங்கறேன். வாயப் பொளந்து பாப்பீங்க."

லியாவ் சிரிக்கவில்லை. "மழைக்காலம் வருதே" என்றார்.

லைல் வென்று வந்தார். தேவாலய மணி அடித்தார்கள். பதிலுக்குத் தீவு எதைக் கொடுத்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடையில் தெரிந்தது. பேரரசுக்கு வெளியே செய்த துணிக்கும் காலணிக்கும் கனத்த இறக்குமதித் தீர்வை. ஜப்பான் காலணி மூன்று மடங்கு விலை. இங்கிலாந்துக் காலணி அதற்கும் மேல். பேரம் நடந்த மேசையில் வெறுங்காலில் நடப்பவர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

"கூலி எப்ப சார் ஏறும்?" என்று அடைனா துறையில் கேட்டாள்.

"சலுகை வாழைக்குடி, சுமக்கறவளுக்கா? தாரைத் தூக்கு!" என்றான் கங்காணி.

மழை பிடித்துக்கொண்டது. அடைனா மகளின் காலில் வாழைமட்டையைச் சுற்றிக் கட்டி அனுப்பினாள். பள்ளிக்குப் போகும் பாதிவழியிலேயே அது அறுந்து சேற்றில் கிடந்தது.

ஒருநாள் மாலை, அடுப்பில் வாழைக்காய் வெந்துகொண்டிருந்தபோது, மெர்லின் மண்சுவரைச் சுரண்டுவதை அடைனா பார்த்தாள். விரலில் செம்மண். வாயிலும்.

"எப்பலேர்ந்துடி மண்ணத் திங்கற?"

"நல்லாருக்கும்மா. நீயும் கொஞ்சம் தின்னு பாரேன்."

பக்கத்து வீட்டு மிஸ் ஜில்ஃபா பேயோட்டியைக் கூப்பிடச் சொன்னாள். அடைனா காதில் வாங்காமல் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். ஒரு வாழைத்தார் அளவுகூடக் குழந்தை கனக்கவில்லை. நர்ஸ் மெர்லினின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். கட்டிலைக் காட்டினாள்.

இது விதியல்ல, மனிதர்கள் கையெழுத்திட்டுச் செய்தது. அடுத்த மாநாட்டுக்கு ஆள் அனுப்ப முதலாளிகள் மறுபடி கூடுகிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்துக்குள் போங்கள். நம் சார்பில் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கப்போகிறார்கள் என்பதை ஒன்று விடாமல் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை ஒருவரையும் வெளியே விடாதீர்கள்.