வாசித்துக் காட்டாத கைநாட்டு

ஆரோக்கியம்மாளின் தொண்டை நிலக்கோட்டைப் பக்கத்தில் பெயர்போனது. புருஷன் செத்த இருபத்திரண்டு வருஷமாக மல்லிகைத் தோட்டங்களில் மொட்டுப் பறித்துப் பிழைக்கிறாள். இந்தக் கடைசி வரப்பில் நின்று அவள் ஒரு ஏச்சு விட்டால், அந்தக் கடைசியில் இலையோடு மொட்டைக் கிள்ளுகிறவள் கையை இழுத்துக்கொள்வாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ரேசன் கடையோ பேங்கோ, காட்டின இடத்தில் கட்டைவிரலை அழுத்துவாள்.

அந்தத் தொண்டையும் அந்த விரலும் சேர்ந்து ஒருத்தனை ஏழு மாசமாக ஜெயிலில் வைத்திருந்தன.

சுதாம் ஒடிசாக்காரன். ஆண்டிச்சாமியின் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே தங்கி வேலை பார்த்தவன். அந்த மாசம் ஊரே பயந்து கிடந்தது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, எல்லை தாண்டி வந்த தீவிரவாதிகளும் அதில் உண்டு என்று போனுக்குப் போன் வீடியோ ஓடியது. அது எந்த ஊரில் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியம்மாளும் கேட்கவில்லை.

அன்றைக்கு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தபோது, கூடப் பறிக்கிற ஆனந்தியின் மூன்று வயசு மகள் தமிழ்மதியைத் தூக்கிக்கொண்டு சுதாம் ஓடுவதைப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது.

"பிள்ளையத் தூக்கிட்டுப் போறான்! பிடிங்கடா அவனை!"

நாலு தோட்டத்து ஆட்களும் ஓடிவந்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியோரம் மடக்கி அடித்தார்கள். பிள்ளையைப் பிடுங்கி மாரோடு அணைத்த பிறகுதான் ஆரோக்கியம்மாளுக்கு உறைத்தது. கவுனிலிருந்து பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது. பிள்ளையின் கால் இரண்டும் நனைந்திருந்தன. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

மருந்தடித்த பாத்தியின் வரப்பில் கம்பு நட்டு, காலி டப்பாவைக் கவிழ்த்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். டப்பாவைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். முந்தின நாள் வரைக்கும் மூன்று நாளாக மருந்தடித்தது சுதாம். டப்பா கவிழ்க்க வேண்டியது தோட்டக்காரன் ஆண்டிச்சாமி. அன்றைக்கு வரப்பில் கம்பும் இல்லை, டப்பாவும் இல்லை. மருந்துக்குள் இறங்கிய பிள்ளையைத் தூக்கிக் கழுவத்தான் அவன் ஓடியிருக்கிறான்.

"அடிக்காதீங்கடா! கழுவத்தாண்டா கொண்டுபோனான்!" என்று கத்தினாள். ஆட்களைக் கூட்டிய தொண்டைக்கு அவர்களை நிறுத்தத் தெரியவில்லை. சுதாமின் இடது கை ஒடிந்தது.

பெற்றவள் மயங்கிக் கிடந்ததால் போலீஸ் ஆரோக்கியம்மாளிடம் புகார் எழுதினார்கள். மருந்து வாடை, நனைந்த கால், எல்லாம் சொன்னாள். எழுதினவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். காட்டின இடத்தில் விரலை அழுத்தினாள்.

சுதாமின் பையில் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு அகப்பட்டது. அந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. அதனாலேயே அவன் தீவிரவாதியாகிவிட்டான். ஏழு மாசத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் யாரும் தேடவில்லை. திண்டுக்கல்லில் அவனுக்காக எந்த வக்கீலும் வரவில்லை. கடைசியில் கோர்ட்டே பிரிஸ்கில்லா என்ற சின்னப் பெண்ணை வக்கீலாக வைத்துக்கொடுத்தது. புகாரை முதன்முதலாக ஆரோக்கியம்மாளுக்கு வாசித்துக் காட்டியது அவள்தான். அதில் மருந்தும் இல்லை, தண்ணியும் இல்லை. 'மூன்று நாளாகப் பிள்ளையை நோட்டம் பார்த்தான்' என்று இருந்தது.

அவள் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஆண்டிச்சாமி வந்தான்.

"ஆத்தா, கைநாட்டு வச்சதை மாத்திப் பேசிறாத. நாளைக்கு இன்னொரு பிள்ளை காணாமப் போச்சுன்னா யாரு பொறுப்பு? அந்த நோட்டுல என்ன எழுதியிருக்கானோ!"

"படிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் குண்டு வைக்கிற எழுத்தா, அப்பு? அப்பிடிப் பாத்தா எனக்கு எல்லா எழுத்துமே குண்டுதான். நீ மொதல்ல டப்பா கவுத்தாததுக்குப் பதில் சொல்லு."

அவன் முகம் சுண்டியது. "நாளையிலிருந்து எந்தத் தோட்டத்துல உனக்கு மொட்டுப் பறிக்க விடுறாகன்னு பாக்கேன்."

"பாரு. நல்லாக் கண்ணைத் தொறந்து பாரு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தெட்டு வயசில் இவளுக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

கோர்ட்டில் அரசு வக்கீல் புகாரை நீட்டினார். "இதுல இருக்கிற ரேகை உங்களுதுதானே?"

"ரேகை என்னுது. பேச்சு என்னுது இல்ல."

"மூணு நாளா நோட்டம் பாத்தான்னு சொல்லியிருக்கீங்க."

"மூணு நாளா அவன் மருந்தடிச்சான்யா. அதைத்தான் பாத்தேன்."

"வெளியூர்க்காரனைக் காப்பாத்த உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அவனை மாட்டிவிட்டப்ப யாரும் சொல்லிக் கொடுக்கல. அப்ப ஏன்யா இதைக் கேக்கல?"

யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை. இவள் பிறழ் சாட்சி, இவள் பேச்சை நம்பக் கூடாது என்றார்.

"அப்பிடின்னா?" என்று கேட்டாள்.

"மாத்திப் பேசுற சாட்சி," என்றார் டைப் அடிப்பவர்.

"மாத்தினது நானா, எழுதினவரா?"

ஜட்ஜம்மா அமைதியாக இருக்கச் சொன்னார். அவள் சொன்னதை டைப் அடித்த தாளை நீட்டி விரல் வைக்கச் சொன்னார்கள். ஆரோக்கியம்மாள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாசிங்க."

வாசித்தார்கள். ஓடினான், கத்தினேன், பிடித்தார்கள்.

"மருந்து வாடை எங்க? குழாய் எங்க? டப்பா கவுத்தாதது எங்க? அதெல்லாம் ஏறாம என் விரல் ஏறாது."

ஜட்ஜம்மா டைப் அடிப்பவர் பக்கம் திரும்பினார். "சேர்த்து அடிங்க," என்றார். சேர்த்தார்கள். மறுபடி வாசிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் மையில் விரலைத் தொட்டாள்.

சுதாம் நின்ற கூண்டுப் பக்கமாக அவள் வந்தபோது அவன் பின்னுக்கு ஒதுங்கினான். கோணலாகக் கூடிய கையால் முகத்தை மறைத்தான். கத்தியவளின் குரல் அவனுக்கு மறக்கவில்லை. என்ன பேசினாள் என்று சொல்ல மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லையாம்.

அவள் ஒரு கையில் பிள்ளையை ஏந்துகிற மாதிரியும், மறு கையால் அதன் காலைக் கழுவுகிற மாதிரியும் காட்டினாள். அவன் புரியாமல் விழித்தான். அதற்குள் போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். வழக்கு அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

"நீங்க சொன்னது ஏறிருச்சு பாட்டி. நம்புவாங்களான்னுதான் தெரியல," என்றாள் பிரிஸ்கில்லா.

"அது கிடக்கட்டும் தாயி. அடுத்த மாசம் வரைக்கும் அவன் என்னைய அடிக்க வந்தவள்னுதான நினைச்சுக்கிட்டு இருப்பான்?"

வாசலில் ஜெயில் வேன் கிளம்பியது. ஆரோக்கியம்மாள் கம்பி ஜன்னலைப் பார்த்து, எல்லாரும் வேடிக்கை பார்க்க, மறுபடியும் இல்லாத பிள்ளையின் காலைக் கழுவிக் காட்டினாள்.