அரை அங்குலத் தொய்வு

1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் காரில் கிளம்பினோம். அக்கரப்பத்தனையில் தூறல், காற்று மேற்கிலிருந்து. மூடுபனியில் முன் விளக்குக்கு அப்பால் ஏழெட்டு கஜத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நேரத்தை அன்று என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தபடிதான் எழுதுகிறேன். அது ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்தும். அதையும் கழித்துவிட்டேன்.

அப்போது நான் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். வயது முப்பத்தொன்று. சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையிடமிருந்து வாங்கிய பழைய கார் ஒன்று என்னிடம் இருந்தது. அன்று பின் சீட்டில் இரண்டு பேர்: தேயிலை பேக்டரியில் பெல்ட் பார்க்கிறவரும், கொழுந்து பறிக்கும் அவர் மனைவியும். மனைவியின் மடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் காகிதங்கள். என் பக்கத்துச் சீட்டில் வேலைக்கு வந்தவர்கள் பேரைத் தினமும் பதியும் செக்ரோல் புத்தகங்கள் நான்கு, சாக்குத்துணியில் சுற்றி.

அவர்களுக்கு நுவரெலியாவில் காலை பத்து மணிக்குப் பிரஜாவுரிமை விசாரணை. விண்ணப்பம் போட்டு மூன்று வருடம் காத்திருந்து வந்த அழைப்பு அது. குறித்த நேரத்தில் ஆஜராகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை அவருக்கு நான் மூன்று தடவை வாசித்துக் காட்டியிருந்தேன். தள்ளுபடியானால் அவர்கள் இந்த நாட்டவருமில்லை, கண்ணால் பார்த்திராத இந்தியாவின் ஆட்களுமில்லை. செக்ரோலில் அவர் பேர் விழுந்த நாட்களைக் காட்டிச் சாட்சி சொல்வதற்காக என்னைப் பெரிய துரை அனுப்பியிருந்தார். பஸ்ஸில் போனால் புத்தகம் நனையும் என்று நான்தான் காரை எடுத்தேன். அந்த யோசனைக்காக வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன்.

ஏனென்றால் நான்கு நாளாகக் கார் கத்திக்கொண்டிருந்தது.

எஞ்சினின் முன்பக்கம் ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். கீழே எஞ்சின் சுற்றுகிற புல்லி, மேலே காற்றாடி, பக்கத்தில் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, இந்த மூன்றையும் சுற்றி அந்த ஒரே பெல்ட். அது தளர்ந்து டைனமோவின் சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்தது. பெல்ட் தளர்ந்தால் பெல்ட் முடிந்தது என்று நினைத்தேன். பேக்டரியில் அப்படித்தானே பார்த்திருக்கிறேன்? உருளைகளை ஓட்டும் நீளத் தட்டை பெல்ட் தொய்ந்தால், இதோ பின் சீட்டில் இருக்கும் இந்த மனிதர் அதை அறுத்து, துண்டு எடுத்து, இழுத்துப் பிடித்து மறுபடி கோப்பார். ரப்பர் பெல்ட்டை அறுக்க முடியாது. ஆகவே தலவாக்கலையில் புதிது வாங்கினேன். நட்டுகள் துருவேறி இருந்ததால் ஒன்றையும் தொடாமல், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி நெம்பிப் புல்லியின் மேல் ஏற்றிவிட்டேன். தம்புராத் தந்தி மாதிரி நின்றது. எனக்குப் பெருமை. ஓட்டியதும் கீச்சென்று கத்தியது. பேக்டரியில் பெல்ட் கத்தினால் குங்கிலியம் தடவுவார்கள். நானும் தடவினேன். கத்தல் அரை நாள் நின்றது, பிறகு இரண்டு மடங்காக வந்தது.

லிந்துலை தாண்டி ஏற்றம். ஏழு இருபத்தைந்துக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு தகரத்தில் சவுக்கால் அடிப்பது போல நாலைந்து அடி. சிவப்பு விளக்கு முழுதாக எரிந்தது. நிறுத்துவதற்குள் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. பதின்மூன்று மைல் வந்திருந்தோம், பதினொரு மைல் பாக்கி.

பானெட்டைத் திறந்தேன். புதிய பெல்ட் காற்றாடியில் நார் நாராகச் சுற்றிக் கிடந்தது.

“அறுந்துருச்சுங்களா?” என்று அவர் எனக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“அறுந்துருச்சு. நாலு நாள்தான் ஆச்சு, புது பெல்ட்டு.”

“நாலு நாளா கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன். ஒங்க காரு ஆபீசுகிட்ட கத்துனா, பேக்டரிக்குள்ளாற மிசின் சத்தத்துலயும் கேக்கும்.”

“கேட்டுச்சுன்னா ஏன் சொல்லல நீ?”

“கிளாக்கரையா காருங்களே,” என்றார். கேலி மாதிரியும் இல்லை, மன்னிப்பு மாதிரியும் இல்லை.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “வீட்டுல கதவு கத்துனா ஆறு மாசம் காது கேக்காது. ஊரான் காரு கத்துனா மட்டும் கேக்குது.”

“கதவுல பெல்ட்டு இல்ல புள்ள,” என்றார் அவர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெல்ட் இல்லாமலே ஓட்டிப் பார்ப்போம், மைலுக்கொருமுறை நிறுத்தி ஆறவைப்போம் என்றேன். பதினொரு நிறுத்தம், நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் என்று மனதில் கணக்கு ஓடியது. ஓடுகிற நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் பத்து மணியைத் தாண்டியது. பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றேன். எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. நான் பேசப் பேச அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை வைக்கவில்லை. மோட்டார் வண்டி எஞ்சினை அவர் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நான்கு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு சுட்டுவிரலைக் காற்றிலேயே ஓட்டி, மூன்று புல்லிகளையும் வளைத்துக் காட்டினார்.

“இது ஓட்டுது. இது ரெண்டும் ஓடுது. பழைய பெல்ட்ட என்ன செஞ்சீங்க?”

நான் எதையும் எறிகிறவன் இல்லை. டிக்கியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலிடுக்கில் உருட்டி, உள்பக்கம் திருப்பி, அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தார்.

“இதுக்கு ஒண்ணும் இல்லீங்களே. கெழடாயிருக்கு, அவ்வளவுதான்.”

“தளர்ந்துபோச்சு.”

“தளரும்தான். அதுக்குத்தான இந்த ஓட்ட.” டைனமோவின் மேல்புறத்தைத் தாங்கிய இரும்புப் பட்டையைக் காட்டினார். அதில் நட்டு நின்ற துளை வட்டமாக இல்லை, விரல் நீளத்துக்கு நீண்டிருந்தது. “இத ஏன் நீட்டமா வச்சிருக்கான்? வட்டமா போடத் தெரியாமயாங்க? இந்த உருட்டுக்கட்டைய வெளிய தள்ளுனா பெல்ட்டு இறுகும், உள்ள தள்ளுனா தளரும்.”

டைனமோவைத்தான் உருட்டுக்கட்டை என்றார். இரண்டு வருடம் அந்தக் காரை வைத்திருந்தேன். எஸ். எஸ். சி. வரை படித்தவன். அந்தத் துளை நீளமாக இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

முதலில் எஞ்சின் ஆறவேண்டும் என்றார். தண்ணீர் மொண்டுவர ஏனம் இல்லை. சற்றுக் கீழே ஒரு பீலியில் மலைத்தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, ஆட்கள் குளிக்கிற இடம். ஏனமென்று இருந்தது பிஸ்கட் டின் ஒன்றுதான்.

“அதுல காயிதம் இருக்கு,” என்றார் மனைவி. டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“காயிதத்த ஐயாகிட்ட குடு.”

“நனைஞ்சா?”

“வண்டி போகாட்டி நனைஞ்சா என்ன, காஞ்சா என்ன?”

மனைவி காகிதங்களை எடுத்து என் இரு கைகளிலும் வைத்தார். பிள்ளையைக் கொடுப்பது போல ஒரு கை விலகிய பிறகுதான் மறு கை விலகியது. பதினொன்று இருந்தன. நான் காருக்குள் உட்கார்ந்து அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். விவாகப் பதிவு ஒன்று, பிறப்புப் பதிவுகள் மூன்று, அழைப்புக் கடிதம் ஒன்று, பழைய ரசீதுகளும் துண்டுகளுமாக ஆறு. பதினொன்றுதான். அவர் மனைவி தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு பீலிக்கு மூன்று நடை போய் வந்தார்.

இருபது நிமிடம் ஆறவிட்டு, டின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டரில் ஊற்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்த தடவைகளை மட்டும் எண்ணவில்லை. பிறகு என் ஒரே ஸ்பேனரை வாங்கினார். துருப்பிடித்த நட்டில் அதைப் பூட்டி, ஒரு கல்லால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினார். ஓங்கி ஒன்று போடு என்றேன்.

“ஓங்கிப் போட்டா தல ஒடஞ்சிருங்க. இது ‘சரி’ன்னு சொல்றவரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

கீழே இரண்டு நட்டு, மேலே ஒன்று. மூன்றும் ‘சரி’ என்று சொல்லப் பதினேழு நிமிடம். டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினார். பழைய பெல்ட்டைக் கீழ்ப் புல்லியில் மாட்டி, டைனமோவில் மாட்டி, காற்றாடியைக் கையால் திருப்பிக்கொண்டே கடைசி வளைவை ஏற்றினார். நான் நெம்பி நெம்பிச் செய்த வேலையை அவர் இரண்டு விரலால் செய்தார். நெம்புவதற்கு நான் இரும்புக் கம்பி கொடுத்தேன். வேண்டாமென்று, ரோட்டோரத்தில் கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கட்டை ஒன்றைப் பொறுக்கிவந்தார். இரும்பு வைத்து நெம்பினால் டைனமோவின் ஓடு வெடிக்கலாமாம். கட்டையைக் கொடுத்து வெளியே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு மேல் நட்டை இறுக்கினார். பிறகு பெல்ட்டின் நீளமான பக்கத்தில் நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

அது கொஞ்சம் இறங்கியது. நான் குனிந்து பார்த்தேன்.

“தொய்வா இருக்கே. இன்னும் இழு.”

“இழுத்தா மறுபடி கத்துங்க. இது தட்ட பெல்ட்டு இல்ல. பள்ளத்துல ஒக்காந்து ரெண்டு பக்கமும் கவ்விக்கிட்டுப் போறது. இதுக்குக் குங்கிலியம் ஆகாது, இறுக்கமும் ஆகாது. இறுக்குனா உருட்டுக்கட்டையோட பேரிங்கு தேஞ்சிரும். ஏற்கனவே பாதி தேஞ்சிருக்கும், கைய வச்சுப் பாருங்க.” டைனமோவின் முனையை அசைத்துக் காட்டினார். லேசாக ஆடியது. “கொஞ்சம் தொய்வு வேணும்.”

“கொஞ்சம்னா?”

மறுபடி கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். “இம்புட்டு.”

நான் செக்ரோல் கட்டிலிருந்து அடிமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம். அவர் விரலை எடுத்து மறுபடி அழுத்தச் சொன்னேன். அரை அங்குலம். மூன்றாம் தடவையும் அதே. வருடங்கள் கழித்து அந்தக் கார் வகையின் கைநூல் ஒன்று கிடைத்தபோது, அதிலும் அரை அங்குலமே அச்சடித்திருந்தது.

எட்டு முப்பத்திரண்டுக்குக் கிளம்பினோம். கத்தல் இல்லை. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இரண்டு மைல் போயிருப்போம், முதுகுக்குப் பின்னாலிருந்து, “நிறுத்துங்கய்யா,” என்றார்.

“இப்ப என்ன?”

“மாட்டுன பெல்ட்ட ஓடவிட்டு ஒருக்கா பாக்கணும். பேக்டரியில கா மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பாப்போம்.”

“பத்து மணிக்கு விசாரணை. யாருக்கு விசாரணை?”

“எனக்குத்தாங்க,” என்றார். “அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்.”

மனைவி என் பக்கம் குனிந்து, “நிறுத்திருங்கய்யா. இல்லாட்டி நுவரெலியா வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு வருவாரு. கல்யாணத்தன்னிக்கும் பாதி மாலையோட பேக்டரிக்குப் போனவரு,” என்றார்.

நிறுத்தினேன். கட்டைவிரலை வைத்தார். முக்கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியது. நனைந்த பழைய பெல்ட் சூடேறி நீண்டிருந்தது. மறுபடி நட்டைத் தளர்த்தி, தேயிலைக் கட்டையைக் கொடுத்து, மறுபடி அரை அங்குலம். அந்தக் கட்டையைக் காருக்குள்ளேயே எடுத்து வைத்திருந்தார். ஒன்பது நிமிடம் போயிற்று. நானுஓயா ஏற்றத்தில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறியபோது, பார்க்காமல் வந்திருந்தால் இங்கேதான் நின்றிருப்போம் என்று உணர்ந்தேன். அவர் கண்ணை மூடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். “நல்லா ஓடுதுங்க,” என்றார். கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒன்பது நாற்பத்தாறுக்கு விசாரணை நடக்கும் கட்டடத்தின் வாசலில் நின்றோம். அங்கே முப்பது முப்பத்தைந்து பேர் நனைந்து நின்றார்கள். பத்து ஐந்துக்கு அவர் பேரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி கேள்விகளைக் கேட்டார், ஒருவர் தமிழில் சொன்னார். இடையில் இந்தியாவுக்குப் போய் வந்தது உண்டா? இல்லை. தோட்டத்தை விட்டு வேறெங்கும்? இல்லை. தொடர்ந்து வேலைக்கு வராத மிக நீண்ட காலம் எவ்வளவு? அவர் யோசித்தார். நான் புத்தகத்தைத் திறக்காமலே, “1943 நவம்பரில் ஏழு நாள், காய்ச்சல்,” என்றேன். அதிகாரி காட்டச் சொன்னார், காட்டினேன். என் எண்ணும் வியாதி ஒருவருக்கு உதவியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

வாக்குமூலத்துக்குப் பெருவிரல் அடையாளம் வைக்க வேண்டும். பியூன் மைப்பெட்டியை நகர்த்தினார். இவர் கையை நீட்டினார். கட்டைவிரல் கிரீஸும் கரியுமாக, ரேகை தெரியாமல் கறுத்திருந்தது.

“அவருக்கு மை வேணாங்க சாமி,” என்றார் மனைவி. “வீட்டுலருந்தே கொண்டாந்துட்டாரு.”

தமிழில் சொல்கிறவர் சிரித்துவிட்டார். அதிகாரி என்னவென்று கேட்க, அவருக்கும் சொல்லப்பட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு, “வரும் வழியில் என்ன நடந்தது?” என்று கேட்டார். நான் சொன்னேன். பியூன் மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். விரலைத் துடைத்து, மறுபடி மை தொட்டு, காகிதத்தில் வைத்தார். அழுத்திய விதம் எனக்குப் பழக்கமாகியிருந்தது. குறைத்தும் இல்லை, கூட்டியும் இல்லை.

திரும்பும் வழியில் நான் அவரை ‘நீங்க’ என்று பேசியிருக்கிறேன். எந்த மைலில் ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. நான் எண்ணாமல் விட்ட சிலவற்றில் அது ஒன்று.

எட்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது, குடும்பம் முழுவதற்கும். அதை நான் வாசித்துக் காட்டியபோது, கடைசி வரியை அவர் ஒரே தடவைதான் கேட்டார். மனைவி அதை அதே பிஸ்கட் டின்னில் வைத்தார். பீலித் தண்ணீர் பட்டு அதன் அடி துருப்பிடித்திருந்தது. ஆனாலும் டின்னை அவர் மாற்றவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு பழைய பெல்ட் இன்னும் ஒரு மாதம் ஓடியது. அதற்குப் பிறகு புதிது மாட்டினேன், நட்டுகளைத் தளர்த்தி, தேயிலைக் கட்டையால் தள்ளி, அடிமட்டம் வைத்து. டைனமோவின் பேரிங் அவர் சொன்னபடியே தேய்ந்திருந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அறுந்த பெல்ட், பிறகு மாட்டிய பெல்ட், பேரிங், அதன் கூலி, குங்கிலியம் முப்பது சதம், எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இருபத்தைந்து ரூபாய் ஐந்து சதம்.