காட்டாமல் எடுத்து வந்த பெல்ட்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் ஒரு பிடிவாதக்காரர். கழட்டிய பழைய சாமானை வீட்டுக்காரர் கண்ணில் காட்டாமல் இடத்தைவிட்டு நகரமாட்டார். "நீங்க சொன்னாச் சரிதாங்க" என்றாலும் விடமாட்டார், "தேஞ்சிருக்கு பாருங்க" என்று அடுப்படிவரை போய் நீட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்கு ஒரு மாடி வீட்டில் அறுந்த பெல்ட்டைக் கழட்டி, திருடன் மாதிரி பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டார்.

எல்லாம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தால் வந்தது. படத்தில் கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தது இவருடைய மனைவி!

"அந்தக் கைக்குழந்தை என் பொண்ணுங்க," என்றார் வீட்டுக்காரர். "அப்ப எனக்குப் புத்தி இல்ல, ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிட்டேன். இப்ப வந்து தேடுறேன். எங்க இருக்காங்கன்னே தெரியல."

ரிப்பேர்காரர் பல்லிடுக்கில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமலிருக்க அது வசதியாய்ப் போயிற்று.

பாவம், இவர் மட்டும் என்ன செய்வார்? தத்தித் தத்தி நடந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை இவர் தோளில் வளர்ந்தது. இப்போது நாலாம் வகுப்பு. இவரைச் சட்டப்படி அப்பாவாக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போட்டாயிற்று. வக்கீலம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "பெத்தவர் இருக்கிற இடம் தெரிஞ்சா அவரைக் கூப்பிட்டுக் கேட்கணும். தெரியலைன்னா வேலை சுலபம்." மனைவிக்கு நிஜமாகவே தெரியாது. இவருக்குத்தான் இப்போது தெரிந்து தொலைத்துவிட்டது. அந்த ஆள் வந்து 'என் பிள்ளையைக் கொடு' என்றால்?

வாயை மூடிக்கொண்டார். ஆனால் பெல்ட்டைத் தூக்கி எறியக் கை வரவில்லை.

"அப்பா, இனிமே யாரு கேட்டாலும் நீதானே எங்கப்பா?" என்று மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது இவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்: பெற்றவன் ஒருவன் படத்தைப் பார்த்து ஏங்குகிறான், நான் அவன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒளித்துவைத்திருக்கிறேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

விசாரணையன்று நீதிபதியம்மா கேட்டார்: "குழந்தையைப் பெத்தவரைத் தேடிப் பார்த்தீங்களா?"

"தேடினோம்மா. கிடைக்கல," என்றாள் மனைவி. நீதிபதியம்மாவின் பார்வை இவர்மேல் வந்தது. தலையை ஆட்டினால் முடிந்தது. கழுத்து அசையமாட்டேன் என்றது.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "அவரு மெஷினை நான்தான் ரிப்பேர் பண்ணேன்."

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க யோக்கியத்தைக் காட்ட வேற இடமே கிடைக்கலையா? பிள்ளை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அடுத்த விசாரணைக்கு அந்த மாடி வீட்டுக்காரர் வந்தார். பெஞ்சில் இவர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போனதும், "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. வளர்த்தவருதான் அப்பா," என்றார். அவ்வளவுதான். இவர் அப்பாவாகிவிட்டார்.

கோர்ட்டு நடையில் ரிப்பேர்காரர் பையைத் திறந்து பெல்ட்டை நீட்டினார். "உங்களுதுங்க. அன்னிக்குக் காட்டாம வந்துட்டேன்."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தண்ணிகூடக் குடிக்காம ஓடினீங்க. ஏதோ அவசரம்னு நெனச்சேன்," என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கண் விழித்திருந்த மகள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யாருப்பா இவரு?"

மனைவி வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். தெரிந்தவர் என்று சொல்லி நழுவியிருக்கலாம். இவர் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"உன்னைப் பெத்த அப்பாம்மா. உன்னைத் தேடிக்கிட்டே இருந்தாரு. நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."