ஆவணி ஞாயிற்றுக்கு ஒரு மண்டபம்

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோயில், திருமண மண்டபப் பதிவை முழுக்க இணையத்தளத்துக்கு மாற்றிய ஆண்டில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் தனியே குடியிருந்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். வங்கிக் கணக்கு, ரயில் நேரம், சாப்பாடு வரவழைப்பது என எல்லாவற்றையும், திரையை வாசித்துச் சொல்லும் குரலைக் கொண்டு கைப்பேசியிலேயே முடித்துக்கொள்வாள். எங்கள் பெற்றோர் மணந்துகொண்ட அந்த மண்டபத்தையும் தானே பதிய வேண்டும் என்றாள்.

ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கோயில் பக்கத்தைத் திறந்து கைப்பேசியை என் காதருகே நீட்டினாள். குரல் ஆங்கில எழுத்துகளையும் அடைப்புக்குறிகளையும் உளறிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். அழகான தமிழ். பள்ளி நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஓர் ஒற்றுப் பிழைகூட என் கண்ணில் படவில்லை.

“என்னக்கா எழுதியிருக்காங்க, மந்திரமா?” என்றாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கோயில் அறிக்கைகளை அச்சடிப்பவரே தளத்தையும் அமைத்திருந்தார். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில், கல்யாணப் பத்திரிகை அடிப்பதைப் போலவே அடித்து ஏற்றிவிட்டார். கண்ணுக்கு ‘ஆவணி’ என்று தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். போதாததற்கு, தளம் தமிழில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு பெருமையோடு முடிவெடுத்திருந்தது. ஆங்கில எழுத்திலேயே எழுதப்படும் மலாய் மொழியில் ஒரு வரி இருந்திருந்தாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருப்பாள்.

கோயில் செயலாளர் எங்கள் தந்தையின் நண்பர், நல்ல மனிதர். தேதியைச் சொன்னால் தாமே போட்டுவிடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

“கல்யாணம் எனக்கு, அங்கிள். எந்த நாள் காலியா இருக்குன்னு நானே பாத்து எடுக்கணும் லா,” என்றாள் தங்கை.

பலர் காத்திருப்பதால், பக்கம் சரியாகும்வரை பதிவு திறக்கும் நாளைத் தள்ளிவைக்க இயலாது என்றார் அவர். பக்கத்தைத் திருத்திக் கொடுத்தால் ஏற்றச் சொல்வதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில், நின்றபடியே, மண்டப விதிகளையும் மாதப் பெயர்களையும் புதிதாகத் தட்டினேன். ஷா ஆலாமில் கூட்டம் ஏறி இடிக்கும்போது விட்ட வரியை, சுபாங் ஜெயா தாண்டித் தேடி எடுப்பேன். பெருமூச்சோடு தலை நிமிர்ந்தால் இறங்க வேண்டிய நிலையம் கடந்திருக்கும். அச்சகக்காரருக்கோ அவசரமே இல்லை. இப்போதே நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். அவருடைய கைப்பேசியிலேயே அந்தக் குரலை இயக்கிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அட, நம்ம பக்கமா இப்படிப் பேசுது, அக்கா?” என்றார். பதிவு திறப்பதற்கு முந்தைய நாள்தான் ஏற்றி முடித்தார்.

பதிவு திறந்த நாள் காலை தங்கையின் அருகில், என் கைப்பேசியிலும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவணியில் முகூர்த்தமுள்ள ஞாயிறுகள் இரண்டே. அவளுடைய கைப்பேசிக் குரல் என்னால் பின்தொடர முடியாத வேகத்தில் தமிழ் வாசித்தது. அவளோ, சைவச் சாப்பாடு, இசைக்குழு நேரம், வாகன நிறுத்தம் என விதிகள் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைப் புதுப்பித்தபோது ஒரு ஞாயிறு போய்விட்டிருந்தது. மற்றதன் மேல் என் கட்டைவிரல் தானாகவே நகர்ந்தது. ஒரு தொடல் போதும். மண்டபம் அவளுக்குக் கிடைத்துவிடும்.

“உன் வளையல் சத்தம் காதை அடைக்குதுக்கா. போனைக் கீழ வை.”

கவிழ்த்து வைத்தேன். அவள் விதிகளின் கடைசி வரிவரை கேட்டாள். பிறகு தேதிகளுக்கு வந்தாள். “ஒண்ணுதான் காலி,” என்று சொல்லிவிட்டு, பெயரையும் எண்ணையும் நிதானமாக அடித்து அழுத்தினாள்.

சற்று நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. செயலாளர்.

“பதிவு வந்துருச்சும்மா. தங்கச்சிக்குப் போட்டுக் குடுத்தது நீதானே?”

கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன்.

“நான்தான் போட்டேன், அங்கிள்,” என்றாள். “வாழைமரம் கோயில்ல கட்டுவீங்களா, நாங்க கொண்டு வரணுமா? அதை மட்டும் பக்கத்துல போடலையே.”