மேட்டில் இறக்கிய அரிசி

ஸாலிஹா குவைத்தில் இருந்த காலம் முழுவதும், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் புரட்டிப் போடுவதும் துடைப்பதுமே அவளுக்கு வேலை. காத்தான்குடிக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தெருவில் யாருக்குப் படுக்கைப்புண் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போவாள், செய்ய வேண்டியதைச் செய்வாள், தேத்தண்ணீர் வரும்வரை நிற்கமாட்டாள்.

அந்த மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளிக்கூடங்களில் தங்கியவர்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்தது. மாடுகளை விட்டு வரமாட்டோம் என்று காட்டோரத்து மேடொன்றில் ஏறிய சில குடும்பங்களை எவரும் ஒழுங்காகக் கணக்கில் எடுக்கவில்லை. ஸாலிஹா தெருப் பெண்களிடம் அரிசியும் பருப்பும் உப்பும் சேர்த்தாள். ஆரையம்பதி நல்லரத்தினத்தின் எஞ்சின் தோணியைப் பிடித்தாள்.

மேட்டை அடையும்போது பின்னேரமாகிவிட்டது. புல் இருந்தது காட்டுப் பக்கத்தில். மாடுகளோ தண்ணீர்க் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கடற்கரை ஊர்க்காரிக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

கூரைக்குத் தறப்பாள் கட்டிய ஒரு கொட்டில்தான் ஒழுகாமல் இருந்தது. உள்ளே இரத்தினம்மா கிடந்தாள், இடுப்பு முறிந்து அசைய முடியாதவள். மூட்டைகளை அவள் தலைமாட்டில் அடுக்கும்படி ஸாலிஹா சொன்னாள். மகன் ரதீஸும் மருமகள் கம்சாயினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாய் திறக்காமல் அடுக்கினார்கள்.

ஸாலிஹா கிழவியைச் சரித்து முதுகுப் புண்ணைக் கழுவினாள்.

"ராவைக்கு நித்திரை வருதா அம்மா?"

"எப்பிடிப் புள்ள வரும்? போன கிழமை பக்கத்துக் கொட்டிலப் பெரியவர் பிச்சுப் போட்டுட்டுப் போயிற்றார். ஒரு பானை நெல்லுக்கு."

காட்டோரத்தில் ஆனையைப் பேர் சொல்லிக் குறிப்பிடமாட்டார்கள்; பெரியவர் என்பார்கள். ஸாலிஹாவின் கை நின்றது. தலைமாட்டு மூட்டைகளைப் பார்த்தாள். எழுந்து வெளியே வந்தாள்.

"அரிசி மணம் பிடிச்சி ஆனை வரும் எண்டு தெரிஞ்சும் ஏன் தம்பி பேசாம அடுக்கின?"

ரதீஸ் நிலத்தைப் பார்த்தான். "முந்தி ஒராக்கள் மெழுகுதிரி கொண்டு வந்தாங்க ராத்தா. காத்துக்கு நிக்குதில்ல, டோச் லைட் தாங்க எண்டு கேட்டம். மறுகா அந்தத் தோணி இஞ்சால வரவேயில்ல. நீங்களும் வராம விட்டா?"

"ஆனைக்கு நிவாரணம் கொண்டு வந்த முதல் ஆள் நீதான் தங்கச்சி" என்றார் நல்லரத்தினம். சிரிப்பு பாதியில் நின்றது. காட்டுக்குள் எங்கோ ஒரு கிளை முறிந்தது.

"மூட்டையளத் தோணியில ஏத்துங்க. விடியக் கொண்டு வாறன்" என்றாள் ஸாலிஹா.

ரதீஸ் கொட்டில் வாசலை மறித்து நின்றான். "அரிசியத் தொடாதீங்க ராத்தா. இஞ்ச எல்லாரும் கிழங்குதான் திண்டுட்டுக் கிடக்கிறம்."

"ஆனை துரத்த வெடி இருக்கா?"

"கிடக்கு. நனைஞ்சிட்டு."

ஸாலிஹா வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. "அரிசிய வெச்சிக்க. அம்மாவத் தா."

கம்சாயினி படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். மற்ற முனைகளை ஆண்கள் பிடித்தார்கள். "இழுக்காதீங்க. தூக்குங்க. இடுப்பு தொங்கக் கூடாது" என்று ஸாலிஹா சொல்லச் சொல்லக் கிழவியைச் சேற்றுக்குள்ளால் கொண்டுவந்து தோணியில் கிடத்தினார்கள். கம்சாயினியும் மற்றப் பெண்களும் பிள்ளைகளோடு ஏறினார்கள். விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. இனி ஒரு மூட்டைக்கும் இடமில்லை, ஓர் ஆளுக்கும் இடமில்லை.

"வா எண்டு கூப்பிட்டாலும் வராது அந்த மனிசன்" என்றாள் கம்சாயினி, புருசன் நின்ற பக்கம் பார்க்காமல்.

தோணி கரையை விட்டு விலகியது. இரத்தினம்மா ஸாலிஹாவின் கையைப் பிடித்தாள்.

"ரதீஸ் ஏறிட்டானா புள்ள?"

ஸாலிஹா நோயாளிகளிடம் பொய் சொல்பவள் அல்ல. "இல்ல அம்மா. அரிசிக்குக் காவல் நிக்கிறான்."

பின்னால் மேட்டில் ஆனை பிளிறியது. ஆண்கள் ஒரே குரலாகக் கூக்குரல் வைத்தார்கள். தகரம் தட்டும் சத்தம் எழுந்தது. பிறகு குரல்கள் அடங்கித் தகரச் சத்தம் மட்டும் கேட்டது. நல்லரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை முழுதாக முறுக்கினார்.