ஏழாம் பக்கம் மங்கலம்பேட்டைக்குப் போன கதை

சிறுகதை எழுதுறது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லீங்க. எழுதி அனுப்பிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுநாள் வேலைக்குப் போறதுதான் கஷ்டம். என்னை மாதிரி அனுப்பிட்டுக் காத்துக் கெடக்குற சக பாவிங்களுக்கு இத நான் சொல்லவே வேண்டாம். போன்ல ஒரு சத்தம் கேட்டா போதும், பத்திரிகையாத்தான் இருக்கும்னு கை கழுவாமகூட ஓடுவோம். ரீசார்ஜ் முடியப்போவுதுன்னு வந்திருக்கும்.

நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில பேக்கிங்ல இருக்குறேன். மானு, வாத்து, பூனை உண்டியலு, பூ ஜாடின்னு எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி, வைக்கோலுக்குள்ள பொதச்சு, அட்டைப்பெட்டியில அடுக்குறது என் வேலை. சுத்துறதுக்கு ஜெராக்ஸ் கடையிலேருந்து கழிச்ச பேப்பர் மூட்டை மூட்டையா வரும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. சாப்பாட்டு நேரத்துல அந்த வெள்ளைப் பக்கத்துலதான் என் கதையெல்லாம் எழுதுவேன். இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

மொத அச்சு

ஏழு கதை அனுப்புனேன். ஏழும் தேறல. சிலது "பயன்படுத்த இயலவில்லை"ன்னு மரியாதையா வந்துச்சு, சிலதுக்கு அந்த மரியாதையும் இல்ல. ஏழாவதும் தேறாம போன அன்னிக்கு டிபன் பாக்ஸத் தொறக்காம உக்காந்திருந்தேன். மல்லிகா பக்கத்துல வந்து என்னான்னு கேட்டா. பொம்மை அச்சுல களிமண் கூழ ஊத்துற வேலை அவளுக்கு, என் வயசுதான்.

எல்லாத்தையும் கொட்டிட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதுவேன், எட்டாவது, அதுவும் திரும்பிடுச்சுன்னா இந்தப் பொழப்பே வேண்டாம், பேனாவத் தொடமாட்டேன்னு மாதா மேல சத்தியமும் பண்ணிட்டேன். கோவத்துல பண்ணுனதுதான், ஆனா சத்தியம் சத்தியம்தானே. மல்லிகா ரெண்டு வாய் சாப்புட்டுட்டு சொன்னா: "புது அச்சுல ஊத்துற மொத ரெண்டு மூணு பொம்மை சரியா வராதுன்னு நாமளே ஒடச்சுப் போடுறோம். உனக்குக் கொஞ்சம் கூடுதலா ஏழு ஆயிடுச்சு, அவ்ளோதான். சாப்புடு."

மாடி வூடு

நான் எழுதுற விஷயம் தெரிஞ்சதும் கம்பெனியில எல்லாரும் உஷாராயிட்டாங்க. நான் போனா பேச்ச நிறுத்துவாங்க. மாமியார் கதைய பாதி சொல்லிட்டு, "எழுதிடாதடீ"ன்னு கைய புடிச்சுக்குவாங்க. மல்லிகா மட்டும் தலைகீழு. என்னை எப்ப எழுதப்போறன்னு தெனம் கேப்பா.

சரி, உன்னை என்னான்னு எழுதட்டும்னு ஒருநாள் கேட்டேன். அவ இருக்குறது ஷீட்டு போட்ட வாடகை வூடு, மழைக்கு ஒரு பாட்டு, வெயிலுக்கு ஒரு பாட்டு. ஒரு நாள் முழுக்க யோசிச்சுட்டு மறுநாள் காலையில வந்து சொன்னா: "கதையிலயாச்சும் என்னை மாடி வூட்ல வையி. தண்ணி மேலயே வரணும்."

அடுப்பு

எட்டாவது கதைய எழுதுனேன். ஒரு பொண்ணு, புருஷனோட சண்டை போட்டுட்டு பையத் தூக்கிக்கிட்டு வேப்பூர் பஸ்ஸு ஏறிப் போயிடுறா. திரும்பியே பாக்கல. அதோட கதை முடியுது. எழுதி முடிச்சப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

வூட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டுனேன். அந்தோணி கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்குறவர், நாலு தெருவுக்கு அவர்தான். ஸ்பேனர கீழ வச்சுட்டு, கடைசி வரி வரைக்கும் அசையாம கேட்டார். மனுஷன் நெகிழ்ந்துட்டார்னு நெனச்சேன். தொண்டையச் செருமிக்கிட்டு கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. வூட்ட வுட்டுக் கெளம்புச்சே அந்தப் பொண்ணு, அடுப்ப அணைச்சுதா?"

ஏழாம் பக்கம்

ரெண்டு நாள் அவரோட பேசல. மூணாவது நாள்தான் தோணுச்சு, ஆமா, அணைச்சாளா? சோறு வெந்துக்கிட்டு இருக்குன்னு மொதப் பக்கத்துல நான்தானே எழுதியிருக்கேன்! கதை அப்படியே வேற பக்கம் திரும்பிடுச்சு. அவ வேப்பூர்ல எறங்கி டீ சொல்றா. டம்ளர வாய்கிட்ட கொண்டு போறப்போ, அடுப்ப அணைச்சமான்னு திக்குனு ஆயிடுது. ஏழாம் பக்கம் அங்க முடியும். கை நிக்காம ஒரே மூச்சுல வந்த பக்கம் அது.

ஒரு பத்திரிகைப் போட்டிக்குன்னு போன்ல டைப் அடிக்க ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆறாம் பக்கத்த முடிச்சுட்டுப் புரட்டுறேன், எட்டு இருக்குது. ஏழக் காணோம். மூட்டையத் தேடுனேன், வைக்கோலத் தேடுனேன். மல்லிகா மொகம் வெளுத்துடுச்சு. திங்கக்கிழமை மங்கலம்பேட்டை லோடுக்கு அவசரம்னு எனக்கு ஒத்தாசையா உண்டியல் சுத்துனவ அவதான். கைக்கு எட்டுன பேப்பர உருவியிருக்கா. மறுபடி எழுதிப் பாத்தேன், மூணு தடவ. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்குற புகார் மாதிரி வந்துச்சு. சத்தியம் வேற கண்ணு முன்னாடி நின்னுது.

அந்த லோட வாங்குன, மங்கலம்பேட்டையில ஃபேன்சி கடை வச்சிருக்குற பஷீர் பாய்க்கு போன் போட்டேன். திட்டுவார்னு பயந்தேன். பொறுமையாக் கேட்டுட்டு, அடுக்கி வச்ச உண்டியல் பன்னெண்டையும் எறக்கப் போனவர், பதினொண்ணுதான் இருக்குது, சுத்துன பேப்பர் ஒண்ணுத்துலயும் உங்க கையெழுத்து இல்லன்னார். ஒண்ணு வித்துப்போச்சு. வாங்குனது பக்கத்துத் தெரு ஷமீம், புருஷன் துபாய்ல இருக்கார். யாவாரத்த வுட்டுட்டு பாயே அவங்க வூட்டுக்கு நடந்து போனாருங்க, ஒரு பேப்பருக்காக. அரை மணி நேரத்துல அவர் நம்பர்லேருந்து போன் வந்துச்சு. பேசுனது ஷமீம்: "பேப்பர் பத்திரமா இருக்குதுக்கா, ஆனா மொதல்ல அந்தப் பொண்ணு அடுப்ப அணைச்சாளா இல்லியா, அதச் சொல்லுங்க. ரெண்டு நாளா கடைக்குப் போனா பாதி வழியில திரும்பி வந்து எங்க வூட்டு அடுப்பப் பாத்துட்டுப் போறேன்."

மாடி வூட்டுக்காரி

சொன்னேன். அணைக்கலம்மா, ஆனா மேல் வூட்டுல ஒரு மல்லிகா இருக்குறா, தீஞ்ச வாடை வந்ததும் ஓடி வந்து அவ அணைச்சுட்டான்னு. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. அடுத்த நிமிஷம் ஏழாம் பக்கம் போட்டோவா வந்து நின்னுது, ஓரத்துல உண்டியல் பூனையோட காதும் தெரிஞ்சுது. பேக்கிங் மேசையிலயே உக்காந்து அழுதேன், வெக்கமே இல்லாம.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பிட்டேன். பரிசு வரல. ஆனா பிரசுரத்துக்கு எடுத்துக்கிட்டோம்னு ஒரு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, கதை வந்த புத்தகமும் வந்துச்சு. மல்லிகா அவ பேரு வர்ற எடத்துல வெரல வச்சு, தண்ணி மேல வருதான்னு பாத்துக்கிட்டா. அந்தோணி டூல் பாக்ஸுக்குள்ள ஒரு பிரதிய வச்சுக்கிட்டு, ரிப்பேருக்குப் போற வூட்டுலயெல்லாம் அடுப்பு என் யோசனைன்னு சொல்றார். சொல்லட்டும், உண்மைதானே. கதைக்கு மேல என் பேர மட்டும் போட்டிருக்கிறதப் பாக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. இத்தனை பேரு தாங்கிப் புடிச்சுதான் அந்த ஒரு கதை நின்னுச்சு. அவங்களுக்கெல்லாம் நான் என்னா செஞ்சுட்டேன்?

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு பிரதிய எடுத்துக்கிட்டு மங்கலம்பேட்டைக்கு பஸ்ஸு ஏறுனேன். பஷீர் பாய் அவருக்குக் குடுத்த பிரதியக் கண்ணாடி அலமாரியில சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்துல நிக்க வச்சார். ஷமீம் எனக்கு டீயக் குடுத்துட்டு, எதிர்க்க உக்காந்து, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் எழுத்து வுடாம படிச்சாங்க. நான் டீயக் குடிக்கவே இல்ல. புத்தகத்த மூடிட்டு, கொஞ்சம் தயங்கிட்டு சொன்னாங்க: "முடிவு நல்லாத்தான் இருக்குதுக்கா. ஆனா அந்த ஒத்தப் பக்கம் மட்டும் கையில இருந்தப்போ இன்னும் நல்லா இருந்துச்சு."

இப்ப ஒம்பதாவது கதைய அதே கழிச்ச பேப்பர்லதான் எழுதிக்கிட்டு இருக்குறேன், என்ன, எந்த வாசகர் எந்த உண்டியல வாங்குவாங்களோன்னு ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் என் போன் நம்பரையும் எழுதி வைக்கிறேன்.